இண்டஸ் க்ரீட் (ராக் மெஷின்)

இண்டஸ் க்ரீட், ஆங்கிலத்தில் சொந்தப் பாடல்கள் எழுதிப் பாடும் மும்பை ஹார்டு ராக் குழு. 1984-ல் ‘ராக் மெஷின்’ என்ற பெயரில் தொடங்கியது. 1993-ல் பெயரை மாற்றிக்கொண்டது, 1997-ல் கலைந்தது, 2010-ல் மறுபடி கூடியது. ‘ராக் அண்ட் ரோல் ரெனகேட்’ (1988), ‘தி செகண்ட் கமிங்’ (1990), ‘இண்டஸ் க்ரீட்’ (1995), ‘இவால்வ்’ (2012) என்று நான்கு ஆல்பங்கள் வந்துள்ளன. பாடகர் உதய் பெனகல், கிதார் கலைஞர் மகேஷ் தினைகர், கீபோர்டு கலைஞர் ஜுபின் பாலபோரியா ஆகிய மூவரும் முதல் ஆட்டத்திலும் இரண்டாம் ஆட்டத்திலும் இருந்தவர்கள். ஜெயேஷ் காந்தி (கிதார்), மார்க் செல்வின் (பேஸ் கிதார்), மார்க் மெனெசெஸ், பின்னர் பாபி துக்கல் (டிரம்ஸ்) ஆகியோர் 1997 வரையிலான காலத்தைச் சேர்ந்தவர்கள்.

இந்திய ராக் வரலாறு எழுதுபவர்கள் இந்தக் குழுவை முன்னோடி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். இதற்கு முன்பும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் ராக் குழுக்கள் இருந்தன; சிம்லா சிகரெட்டின் பெயரில் நடந்த ‘சிம்லா பீட்’ போட்டிகளின் இசைத்தட்டுகள் 1970, 1971-லேயே வந்தாயிற்று. எனவே முதல் குழு என்ற பட்டத்தைவிட, இந்தக் குழுவின் ஒலி ஒவ்வொரு முறை மாறியதற்கும் பின்னால் பாட்டு மக்களிடம் போய்ச் சேரும் வழி மாறியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. மேடைக்கு ஒரு ஒலி, கேசட்டுக்கு ஒன்று, செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு இன்னொன்று.

தருமபுரிப் பக்கத்து வாசகருக்கு இந்தக் காலக்கோடு வேறொரு விதத்திலும் பழக்கமானது. சேலத்திலிருந்து பிரிந்து 1965-ல் உருவான தருமபுரி மாவட்டத்தில் அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடக்கம். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதாவது ராக் மெஷின் பிறந்து கலைந்த காலம் முழுக்க, தருமபுரி மாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூர் எட்டிப்பிடிக்கும் தூரம். மேற்கத்திய இசைக் கேசட் வாங்க இந்தப் பக்கத்துப் பையன்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, பெங்களூர் பஸ் ஏறினால் போதும்.

ஹார்டு ராக் என்பது என்ன ஒலி

குழுவின் மாற்றத்தைப் பின்தொடர வேண்டுமானால் அது எதிலிருந்து மாறியது என்று தெரிய வேண்டும். எலெக்ட்ரிக் கிதாரின் சிக்னலை ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால், ஒலியலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதிய மேற்சுரங்கள் கிளம்பும். சாதாரணமாக டொய்ங் என்று மீட்டி அடங்கிவிடும் கம்பி, இப்போது கரகரவென்று நீண்டு உறுமும். ரேடியோ ரிப்பேர்காரர் பழுது என்று சொல்லும் இந்தக் கரகரப்பைத்தான் (ஆங்கிலத்தில் டிஸ்டார்ஷன்) ஹார்டு ராக் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது.

இந்தக் கரகரப்பில் மூன்று சுரங்கள் சேர்ந்த முழுக் கார்டை மீட்டினால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். அதனால் ராக் கிதார் கலைஞர்கள் நடுவில் இருக்கும் காந்தாரத்தை எடுத்துவிட்டு ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் ‘பவர் கார்டு’ என்று பெயர். ச-ப மட்டும் ஒலிப்பது நமக்குப் புதிதா என்ன? தம்புராவும் சுருதிப்பெட்டியும் காலம் காலமாகச் செய்துவரும் வேலை அது. காந்தாரம் இல்லாததால் பவர் கார்டு மேஜரும் ஆகாது, மைனரும் ஆகாது. மேலே எந்த ராகத்தை வைத்தாலும் மறுக்காது. தென்னிந்திய ராக் குழுக்கள் பிற்பாடு கீர்த்தனையையும் டிஸ்டார்ஷன் கிதாரையும் அவ்வளவு எளிதாகச் சேர்க்க முடிந்ததற்கு இந்தச் சின்ன விஷயம் ஒரு பெரிய காரணம். பம்பை அதிரும் கூத்து மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த காதுக்கு இந்த இரைச்சல் ஒன்றும் அந்நியமாகப் படாது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மேடைக் காலம்

எண்பதுகளின் பம்பாயில் ராக் என்றால் ரங் பவன். தோபி தலாவ் பகுதியில், செயின்ட் சேவியர்ஸ் கல்லூரிக்குப் பக்கத்தில் உள்ள திறந்தவெளி அரங்கம் அது. பிரிட்டனின் ‘தி போலீஸ்’ குழு 1980 மார்ச்சில் வந்து வாசித்த இடமும் அதுதான். 1986-ல் அந்நகரில் தொடங்கிய ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ விழா, சுதந்திர தினத்தை ஒட்டி இந்தியா முழுவதிலுமிருந்து குழுக்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. இது போக ஐஐடி விழாக்கள் உண்டு. பம்பாயில் ‘மூட் இண்டிகோ’. சென்னையில் ‘மார்டி கிரா’, அதற்குப் பின்னர் ‘சாரங்’ என்று பெயராயிற்று. விமான டிக்கெட்டுக்குக் காசில்லாத குழுக்கள் டிரம் செட்டையும் ஸ்பீக்கர்களையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலம்.

அந்தக் காலத்தின் எழுதாத சட்டம் ஒன்று: மேடையில் வெளிநாட்டுக் குழுக்களின் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். அசல் குழு இந்தியாவுக்கு வரப்போவதில்லை. அதன் பாட்டை யார் அச்சு அசலாக வாசிக்கிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். சொந்தப் பாட்டை எடுத்தால் கூட்டம் நெளியும். நம் ஊர் லைட் மியூசிக் கச்சேரியில் பாடகர் தான் மெட்டமைத்த பாட்டைப் பாடினால் என்ன நடக்குமோ அதேதான் அங்கும் நடந்தது. ராக் மெஷினும் மற்றக் குழுக்களைப்போல அயல்பாட்டு வாசித்துத்தான் வளர்ந்தது. ஆனால் சொந்தப் பாட்டை மேடையில் விடாமல் வாசித்து, அதையே கேட்டு வரும் கூட்டத்தை உண்டாக்கியது. அதன் உண்மையான சாதனை இதுதான் என்று சொல்வேன்.

வாத்தியம் கிடைப்பதும் லேசில்லை. 1991-க்கு முந்தைய இறக்குமதித் தீர்வையில் ஒரு நல்ல அமெரிக்க கிதாரின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. கல்கத்தாவில் செய்த கிவ்சன் கிதார்தான் (அமெரிக்கக் கம்பெனியின் பெயரை ஒரே ஓர் எழுத்து மாற்றி வைத்துக்கொண்ட உள்ளூர்ச் சரக்கு) பெரும்பாலான பையன்களின் கையில் இருந்தது. அதன் கம்பி, பலகையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கும். அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போன பிறகுதான் சுரம் சுத்தமாக விழும்.

கேசட்

1988-ல் வந்த ‘ராக் அண்ட் ரோல் ரெனகேட்’, ஒரு இந்திய ராக் குழு முழுக்கத் தன் பாடல்களை வைத்தே வெளியிட்ட ஆரம்பகால ஆல்பங்களில் ஒன்று. அதன் ஒலியில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எண்பதுகளின் அமெரிக்க ஸ்டேடியம் ராக் அது: திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு (ரிஃப்), அதற்கு மேலே பளபளக்கும் கீபோர்டு, பல்லவி வந்தால் கூட்டமே சேர்ந்து பாடும்படியான அமைப்பு. தலைப்பிலேயே ராக் அண்ட் ரோல் இருப்பதிலிருந்து குழு எந்த வாசலில் நின்றுகொண்டு உள்ளே கூப்பிடுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டாம் ஆல்பமான ‘தி செகண்ட் கமிங்’ (1990) அதே வீட்டின் அடுத்த அறை. மெல்லிசைப் பாடல்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. ‘டாப் ஆஃப் தி ராக்’, ‘ப்ரெட்டி சைல்ட்’ ஆகிய இரண்டும் ராக் மெஷின் என்ற பெயரோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் பாடல்கள்.

கேசட் இந்தக் குழுவுக்குச் செய்த உதவி என்னவென்றால், கச்சேரி நடக்காத ஊர்களுக்கும் அதைக் கொண்டுபோனது. ஒருவர் வாங்கினால் விடுதி அறை முழுக்கப் படியெடுத்துக்கொள்ளும். அறுபது நிமிட வெற்றுக் கேசட்டின் ஒரு பக்கம் ராக் மெஷின், மறுபக்கம் அண்ணனின் பழைய இளையராஜா. எந்தப் பட்டியலிலும் ஏறாத விற்பனை இது.

சென்னை ஏன் வேறு பாதையில் போனது

இதே பத்தாண்டில் சென்னையிலும் எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் தெரிந்த இளைஞர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஏ. ஆர். ரகுமான் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவை வைத்திருந்தார். ‘ரூட்ஸ்’ குழுவில் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் கீபோர்டு வாசித்தார். ஆனால் சென்னையிலிருந்து ஒரு ராக் மெஷின் வரவில்லை. காரணம் திறமைக் குறைவு இல்லை. வேலை நிறைய இருந்தது. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் நல்ல வாத்தியக்காரரை விட்டுவைக்கவில்லை. காலை ஒரு கால்ஷீட், மதியம் ஒரு கால்ஷீட், கையில் கூலி. இளையராஜாவின் பாடல்களில் சதானந்தத்தின் கிதாரையும் சசிதரனின் பேஸையும் கூர்ந்து கேட்டால், ஒரு முழு ராக் குழுவின் உழைப்பு அங்கே பாட்டுக்குப் பாட்டு சிதறிக் கிடப்பது புரியும். 1992-ல் ரகுமான் இசையமைத்த ‘ரோஜா’ வந்த பிறகு, அந்தத் தலைமுறையில் மிச்சமிருந்தவர்களும் திரைப்படத்துக்குள் போய்விட்டார்கள்.

பம்பாயிலும் திரையுலகம் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் பாடும் குழுவுக்கு அங்கே வாசல் குறுகல். ராக் மெஷின் வெளியே நின்றதற்குக் கொள்கை பாதி, மொழி பாதி. அந்த மொழியே பின்னால் அதன் கழுத்தைப் பிடித்தது.

தொலைக்காட்சியும் பெயர் மாற்றமும்

1991-ல் ஸ்டார் டிவியின் செயற்கைக்கோள் சேனல்களோடு எம்டிவி ஆசியா இந்திய வீடுகளுக்குள் வந்தது. மொட்டை மாடியில் பெரிய டிஷ் ஆன்டெனா நட்டு, தெருத் தெருவாகக் கம்பி இழுத்த உள்ளூர் கேபிள்காரர்தான் அதன் தூதர். அந்தச் சேனலில் வெளிநாட்டு முகங்களுக்கு நடுவே இந்திய முகங்களோடு ஒரு ராக் வீடியோ ஓடியது என்பது அன்றைக்குச் சின்னச் செய்தி இல்லை. 1993-ல் ‘ப்ரெட்டி சைல்ட்’ வீடியோ எம்டிவியின் ஆசிய நேயர் தேர்வு விருதைப் பெற்றது.

அதே ஆண்டில் குழு தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஊர்க் கல்லூரி மேடையில் ராக் மெஷின் என்றால் கம்பீரம். ஆசியா முழுக்கத் தெரியும் திரையில், எந்த நாட்டுக் குழு என்றே சொல்லாத பொதுப்பெயர் அது. சிந்து நதியை முன்னே வைத்த ‘இண்டஸ் க்ரீட்’, நாங்கள் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று முதல் சொல்லிலேயே சொல்லிவிடுகிறது. (தமிழில் சிந்து என்றால் காவடிச் சிந்தும் நினைவுக்கு வரும், பம்பாய்க்காரர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.)

குழுவின் பெயரையே தாங்கி 1995-ல் வந்த ஆல்பத்தில் ஒலியும் பெயருக்குப் பின்னால் நடந்தது. கரகரப்பு கொஞ்சம் தணிந்து, தாளத்தில் இந்திய வாசனை ஏறியது. ஸ்டேடியம் ராக்கின் ஆர்ப்பாட்டம் குறைந்து பாட்டு நின்று நிதானித்தது. ‘டிராப்டு’, ‘ஸ்லீப்’ போன்றவை இக்காலப் பாடல்கள். அதே ஆண்டில்தான் பம்பாய் மும்பை ஆனது. நகரமும் குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டது தற்செயல்தான், ஆனாலும் காலத்தின் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதை இரண்டும் காட்டுகின்றன.

முதல் கட்டத்தின் ரசிகர்களில் சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஹார்டு ராக் நீர்த்துப்போயிற்று என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது ஏற்பில்லை. 1988-ன் பாடல்கள் மேடைக்கு வெளியே கேட்கும்போது தேதி முத்திரை குத்தியதுபோல ஒலிக்கின்றன. 1995-ன் பாடல்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு. என்றாலும் சுவைக்காக மட்டும் வந்த மாற்றம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு நேயருக்கு அமெரிக்க ராக் அமெரிக்காவிலிருந்தே கிடைக்கும். இந்தியாவிலிருந்து வேறு ஏதாவது வேண்டும்.

கலைந்தது

கதவைத் திறந்துவிட்ட தொலைக்காட்சிதான் அதை மூடவும் செய்தது. 1994-ல் எம்டிவியும் ஸ்டாரும் பிரிந்தன. அந்த இடத்தில் சேனல் வி வந்தது. 1996-ல் எம்டிவி இந்தியா தனியாகத் தொடங்கியது. இரண்டு சேனல்களும் சீக்கிரமே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டன: இந்தியாவில் ஆங்கிலப் பாட்டு கேட்பவர்கள் ஒரு கைப்பிடி, இந்திப் பாட்டு கேட்பவர்கள் கோடிக்கணக்கில். இண்டிபாப்பும் இந்தித் திரைப்பாடலும் திரையை நிறைத்தன. தெற்கே 1993-ல் தொடங்கிய சன் டிவி தமிழ்ப் பாட்டுக்கு இடம் தந்தது. ஆங்கில ராக் குழுவுக்கு இருந்த ஒரே அகலப்பாதை ஒற்றையடிப் பாதையாயிற்று. இந்தியில் பாடினால் வாய்ப்பு உண்டு என்ற நிலை. இண்டஸ் க்ரீட் 1997-ல் கலைந்தது.

உதய் பெனகலும் ஜெயேஷ் காந்தியும் நியூயார்க்குக்குப் போய் ‘ஆம்ஸ் ஃபார் ஷாந்தி’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். இந்தியாவுக்குள் இருந்தபோது தயங்கித் தயங்கிச் சேர்த்த இந்திய ஒலியை அயலூரில் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ரங் பவனும் நிலைக்கவில்லை. பக்கத்தில் மருத்துவமனைகள் இருப்பதால் அப்பகுதி அமைதி மண்டலமாயிற்று. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஒலிபெருக்கி கூடாது என்று சொல்லும் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. அதன்பின் சில ஆண்டுகளில் அந்த அரங்கில் ராக் ஓய்ந்தது.

தெற்கில் நடந்தது

இண்டஸ் க்ரீட் இல்லாத பதின்மூன்று ஆண்டுகளில், அது தொட்டுவிட்டு விட்ட இடத்தைத் தென்னிந்தியக் குழுக்கள் பிடித்துக்கொண்டன. கொச்சியில் 1996-ல் தொடங்கிய ‘மதர்ஜேன்’ முதலில் நேரான ஹார்டு ராக் குழுதான். 2008-ல் வந்த ‘மக்தூப்’ ஆல்பத்துக்குள் அதன் கிதார் கலைஞர் பைஜு தர்மஜன், கம்பியை இழுத்தும் சறுக்கியும் கமகம் வாசிக்கத் தொடங்கியிருந்தார். கிதாரில் சுர ஸ்தானங்களுக்கு இடையே உலோகக் கட்டை இருக்கிறது. வீணையைப்போல மெழுகில் நட்டு உயர்த்திய மெட்டு இல்லாததால் கம்பியை ஆழமாக அழுத்த முடியாது, பக்கவாட்டில்தான் இழுக்க வேண்டும். மெல்லிய கம்பியும் டிஸ்டார்ஷனால் நீளும் நாதமும் இதற்குக் கைகொடுக்கின்றன. இசைக்கருவிக் கடையில் எடுத்த எடுப்பில் செய்து பார்க்கக் கூடிய காரியம் இல்லை.

அதே 2008-ல் ‘அவியல்’ குழு மலையாளத்தில் ராக் பாடி மொழிச் சிக்கலையே அறுத்துவிட்டது. பெங்களூரில் ‘அகம்’ குழு, தியாகராஜரின் ஹம்சநாத ராகக் கீர்த்தனை ஒன்றை எடுத்து ‘ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி’ ஆக்கியது. ஹம்சம் ஸ்வான் ஆன குறும்பைப் பாட்டுத் தெரிந்தவர்கள் ரசிப்பார்கள். 1995-ல் இண்டஸ் க்ரீட் இந்திய ஒலியை மேலே பூசிப் பார்த்தது என்றால், இவர்கள் ராகத்தைக் கீழே அஸ்திவாரமாகப் போட்டுக் கிதாரை அதன்மேல் கட்டினார்கள்.

கச்சேரிப் பொருளாதாரமும் தெற்கு நோக்கி நகர்ந்தது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. 2011 அக்டோபர் 30 அன்று அதே மைதானத்தில் மெட்டாலிகா. எண்பதுகளில் அயல்பாட்டுக் குழுக்கள் நகலெடுத்துக் கொடுத்ததை இப்போது அசல் குழுவே வந்து வாசிக்கிறது. நகல் வாசிப்புக்கு இருந்த மதிப்பு அன்றோடு சரிந்தது. சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் மைதான வாசலில் நிற்கலாம்.

மறுவருகை

2010-ல் பெனகல், தினைகர், பாலபோரியா மூவரும் குழுவைத் திரும்பக் கூட்டினார்கள். பேஸ் கிதாருக்கு ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ரோ கவி. இருவரும் மற்ற மூவரைவிட ஒரு தலைமுறை இளையவர்கள். 2012-ல் ‘இவால்வ்’ வந்தது. ஒலிக்கலவையைச் செய்தவர் டிம் பாமர். பேர்ல் ஜாம் குழுவின் ‘டென்’ ஆல்பத்தைக் கலந்தவர்.

‘ஃபயர்ஃபிளைஸ்’, ‘தி மணி’, ‘டிஸால்வ்’ போன்ற பாடல்களில் 1988-ன் கீபோர்டுப் பளபளப்பும் இல்லை, 1995-ன் இந்தியச் சாயமும் தூக்கலாக இல்லை. கிதார் மறுபடி கனத்திருக்கிறது, ஆனால் சத்தத்துக்காகக் கனக்கவில்லை. பாட்டின் நடுவில் தாளம் திசை மாறுகிறது. பல்லவி உடனே வந்து கையைப் பிடித்து இழுப்பதில்லை. பெனகலின் குரலில் உச்ச ஸ்தாயியைத் துரத்தும் அவசரம் போயிருக்கிறது. ஜெய் ரோ கவியின் டிரம்ஸ்தான் பழைய ரசிகர் முதலில் கவனிக்கும் வேறுபாடு. ராக் மெஷின் நாட்களில் டிரம்ஸ் பாட்டைத் தூக்கிப் பிடிக்கும், இங்கே பாட்டோடு வாதம் செய்கிறது.

இந்த முறை சேனலை நம்ப வேண்டியிருக்கவில்லை. பாட்டு இணையத்தில் கிடைத்தது. ஆனால் பழைய நாளில் விடுதி அறை முழுக்கப் படியெடுத்த கேசட்டுக்கு இருந்த காத்திருப்பு இந்த ஆல்பத்துக்கு வாய்க்கவில்லை. விமர்சகர்கள் பாராட்டினார்கள். மேடையில் குழு புதிய பாடல்களை முன்வைத்தது; கூட்டம் கேட்டது ‘ப்ரெட்டி சைல்ட்’.